மூன்று நாற்பது

எங்கள் பள்ளியில் நாற்பத்தாறு பேர்.
பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போகிறவர்கள்,
மற்றவர்கள் போகாதவர்கள்.
பதிவேட்டில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு.
எங்களுக்குள் இப்படித்தான்.

மூன்று நாற்பதுக்கு மஞ்சள் பேருந்து வரும்.
டெல்பின் ஒரே ஒருமுறை ஹாரன் அடிப்பாள்.
இரண்டாம் முறை அடிப்பது
அவள் மரியாதைக்குக் குறைவு.
ஓடுவேன்.
சதுரங்கப் பலகையில் என் முறை,
தண்டேகா சொல்லத் தொடங்கிய ரகசியத்தின் பின்பாதி,
எல்லாம் எனக்குப் பின்னால் நடக்கும்.

மறுநாள் காலை யாராவது ஒருவர்
"பூசணிக்காய்" என்பார்.
அவ்வளவுதான்.
இருபத்தேழு பேரும் சிரிப்பார்கள்.
நானும் சிரிப்பேன்,
அரை நொடி தாமதமாக.

இத்தனைக்கும் ஊர் என்னுடையது.
கேப் பிரெட்டன் தீவில்
சாலை முடிந்து கடல் தொடங்கும் இடம்.
கட்டடம் முன்பு மீன் பதனிடும் ஆலை.
ஈரமான நாட்களில் வேதியியல் வகுப்பில்
ஹெர்ரிங் வாசம் எழும்.
அது அமோனியா என்பார் மக்வாரி சார்.
அந்த அறையில்தான்
என் பெரியப்பாவின் இரண்டு விரல்கள் போயின.
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
சொல்ல நேரம் வேண்டும்,
நேரம் மூன்று நாற்பதோடு முடிந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்
பேருந்து வரவில்லை.
பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று
டெல்பின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.
மற்ற பதினெட்டுப் பேரையும்
மதியமே யாரோ வந்து அழைத்துப் போயிருந்தார்கள்.
அப்பா சாலையில் இருந்தார்.
கோடையில் சிங்கி இறால்,
குளிரில் பனி தள்ளும் லாரி.
ஊர் முழுவதற்கும் வழி செய்துவிட்டுத்தான்
என் பக்கம் வருவார்.

அந்தக் கட்டடத்தில்
மூன்று நாற்பத்தொன்று எப்படி இருக்குமென்று
அன்றைக்குப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
அவரவர் காலுறையின் ஜோடியைத்
தேடிக்கொண்டிருந்தார்கள்.
பூசணிக்காய் என்றால் என்ன என்று கேட்டேன்.
தண்டேகா விளக்கினாள்,
நடுவில் ஹாகுர் திருத்தினான்,
மறுபடி முதலிலிருந்து விளக்கினாள்.
சிரிப்பு வரவில்லை.
விளக்கியவளுக்கும்.

இரவு பத்து மணிக்குத் துணி துவைக்கும் அறையில்
யாரோ கத்துகிற சத்தம்.
எட்டிப் பார்த்தேன். சால்தனத்.
வகுப்பில் ஒவ்வொரு வாக்கியத்தையும்
கதவைத் தட்டி அனுமதி கேட்டு
உள்ளே அனுப்புகிறவள்.
இங்கே உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து
போனில் யாரையோ அதட்டுகிறாள்,
கிண்டல் செய்கிறாள்,
நடுவில் பாட்டாக ஏதோ இழுக்கிறாள்.
கரகண்டாவில் அப்போது காலை ஏழு.
தம்பி தொப்பி போடாமல் கிளம்புகிறானாம்.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.
தகரம் சூடாக இருந்தது.
திரையில் வாய் நிறைய ரொட்டியோடு ஒரு பையன்
என்னைக் காட்டி எதையோ கேட்டான்.
"நீ யார் என்கிறான்."
யோசித்தேன்.
"வீட்டுக்குப் போகிறவள் என்று சொல்."
என்னுடையது மூன்றே சொல்.
அவள் அதை மிக நீளமாகச் சொன்னாள்.
பையன் மெல்லுவதை நிறுத்தினான்.
பிறகு, வணக்கம் சொல்வது போல்,
தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.
என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

விடிகாலை நான்குக்கு லாரி வந்தது.
தகட்டின் இடது முனை உடைந்தது,
அந்த உரசல் எனக்குத் தெரியும்.
மஞ்சள் வெளிச்சம் கூரையில் சுழன்று
ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டுப் போனது.
ஒருவரும் விழிக்கவில்லை.
பேருந்து திரும்பும் இடத்தை
அப்பா இரண்டுமுறை வழித்தார்.
நான் எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியாது.
எழுந்து கையசைத்திருக்கலாம்.
தூங்குகிறவர்களோடு படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்டது போல் இருந்தது.
மூன்று நாற்பதுக்கு டெல்பின் ஹாரன் அடித்தாள்.
சதுரங்கத்தில் என் முறை.
குதிரையைக் கையில் எடுத்துவிட்டேன்,
எங்கே வைப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இரண்டாம் முறை அடித்தாள்.